தூசியைப் போற்றிய அறிஞர்
(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவன்)

உடனடிப் பயன் கருதாமல் உண்மையைத் தேடுவோர்க்கு இவ்வுலகில் இடமுண்டா? அறிவியல் பயிலும் என்னைப் பலமுறை வாட்டிய கேள்வி இது. இதற்கு விடையாக எனக்குக் கிடைத்தது அமெரிக்க அறிஞர் இர்விங் லாங்மியூரின் வாழ்க்கை.

1881 ஜனவரி 31இல் புரூக்ளினில் பிறந்த அவர், 1903இல் கொலம்பியாவில் உலோகவியல் பட்டமும், 1906இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் முனைவர் பட்டமும் பெற்றார். சிறிது காலம் ஆசிரியப் பணியாற்றியபின், 1909இல் ஸ்கெனெக்டடி நகரிலுள்ள ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

அந்நாளில் மின்விளக்கின் கண்ணாடி உட்புறம் கறுத்துக்கொண்டே வந்தது. குமிழில் எஞ்சிய காற்றே காரணம் என்று பலரும் எண்ணினர். லாங்மியூரோ, டங்ஸ்டன் இழையே ஆவியாகிக் கண்ணாடியில் படிகிறது என்று கண்டார். 1913இல் குமிழினுள் மந்த வாயுவை நிரப்பி, இழையைச் சுருளாக்கினார். விளக்கு ஒளி மிக்கதாயிற்று.

பணி முடிந்தது என்று அவர் ஓய்ந்தாரா? இல்லை. மின்னோட்டம் பாயும் வாயுவை ஆராயத் தொடங்கினார். 1924இல் அவரும் துணைவர்களும் ஆர்கான் குழாயில் ஓர் அழகிய காட்சியைக் கண்டனர். டங்ஸ்டன் துணுக்குகள் ஒளிர்ந்துகொண்டு மெல்ல ஊர்ந்தன! அவை எதிர்மின்னூட்டம் பெற்றவை என்று அவர்கள் உணர்ந்தனர். அவ்வாயு நிலைக்குப் பிளாஸ்மா என்ற பெயரை 1928இல் சூட்டியவரும் அவரே.

துணுக்குகள் ஏன் அவ்வாறு நடக்கின்றன? பிளாஸ்மாவில் எலக்ட்ரான்கள் அயனிகளைவிட மிக விரைந்து ஓடுபவை. ஆகவே அவையே தூசியை மிகுதியாகத் தாக்கி அதனை எதிர்மின்னூட்டமுடையதாக்குகின்றன. கலத்தின் சுவரும் அதே காரணத்தால் எதிர்மின் நிலை அடைகிறது. சுவரையொட்டி எலக்ட்ரான் குறைந்த மெல்லிய உறையொன்று உருவாகிறது. அவ்வுறையின் மின்புலம் தூசியைச் சுவரிலிருந்து விலக்குகிறது. அடித்தட்டின் மேலே இந்த உந்துதலும் தூசியின் எடையும் சமமாகும் இடத்தில், தூசி அந்தரத்தில் மிதக்கிறது!

இக்காட்சி நெடுங்காலம் பலர் கருத்தில் படவில்லை. 1989இல் சிலிக்கான் சில்லு செய்யும் கலத்தில் லேசர் ஒளி பாய்ச்சியபோது, சில்லுகளைக் கெடுத்த தூசி அவற்றின் மேலேயே மிதப்பது தெரிந்தது. பிளாஸ்மாவை அணைத்தால் அது கீழே விழும். 1994இல் ஜெர்மனி, தைவான், ஜப்பான் ஆய்வாளர்கள், மிதக்கும் துகள்கள் படிகம் போல் வரிசையாக நிற்பதையும் கண்டனர்.

லாங்மியூர் 1932இல் மேற்பரப்பு வேதியியலுக்காக நோபல் பரிசு பெற்றார். ஆனால் அவரும் தவறாதவர் அல்லர். முதுமையில் செயற்கை மழையின் ஆற்றலை அவர் மிகைப்படுத்தினார்; வானிலை அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் அறிவியலைப் பற்றி 1953இல் எச்சரித்து உரையாற்றியவரும் அவரே என்பது சிந்திக்கத்தக்கது. 1957 ஆகஸ்ட் 16இல் அவர் மறைந்தார்.

அவர் கண்ட ஊரும் துணுக்குகள் எந்த விளக்கையும் விற்க உதவவில்லை. அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, ஒரு தொழிலின் தலைவலிக்கு விளக்கம் அவ்வழியில்தான் கிடைத்தது. பட்டம் பெற்று என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கும் வீடுகளிலிருந்து வந்தவர்கள் நம்மில் பலர். அக்கேள்வி நியாயமானதே. எனினும் ஆய்வகக் குழாயில் ஒளிரும் துணுக்கை ஒருகணம் நின்று நோக்குவோம், நண்பர்களே! அதுவும் வீண் வேலையன்று.