28 லட்சம் பெண்களின் பெயரை நீக்கியவர்: யார் இந்த சுகுமார் சென்?

மக்களவை எம்.பி. எப்படித் தேர்வாகிறார்? தொகுதியில் யாருக்கு அதிக ஓட்டோ அவர்தான் எம்.பி. பாதிக்கு மேல் வாங்கணும் என்ற கட்டாயம்கூட இல்லை. சொல்றதுக்கு இவ்வளவுதான். ஆனா, இதை முதன்முதலில் நடத்திக் காட்ட வேண்டியிருந்தவர் சுகுமார் சென், நாட்டின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர்.

வங்காளத்துக்காரர். கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியிலும் லண்டன் பல்கலைக்கழகத்திலும் படித்தார். கணிதத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவர். ஐ.சி.எஸ். அதிகாரியாகி, நீதிபதியாக இருந்து, மேற்கு வங்கத் தலைமைச் செயலாளர் ஆனார். அங்கிருந்து 1950 மார்ச்சில் டெல்லிக்கு அழைத்து வந்தார்கள்.

21 வயது நிறைந்த எல்லோருக்கும் ஓட்டு. கணக்குப் பார்த்தால் 17 கோடிப் பேருக்கு மேல். அதில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாது. பட்டியல் தயாரிக்கும் வேலை அரசியல் நிர்ணய சபை காலத்திலேயே தொடங்கிவிட்டது. அந்தப் பெருமை முழுக்க சென்னுக்கு இல்லை. ஆனா, பட்டியலில் வந்த பெரிய சிக்கல் அவர் மேஜைக்குத்தான் வந்தது.

வட மாநிலங்களில் லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். அந்நிய ஆணிடம் பெயர் சொல்லும் வழக்கம் இல்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்றே பதிவாகியிருந்தது. சென் ஏற்கவில்லை. பெயர் இல்லாவிட்டால் ஓட்டும் இல்லை என்றார். சுமார் 28 லட்சம் பெண்கள் நீக்கப்பட்டார்கள். அந்தத் தேர்தலைப் பொறுத்தவரை இது கொடுமைதான், அத்தனை பேரும் ஓட்டை இழந்தார்கள். ஆனா விட்டுக் கொடுத்திருந்தால், பெண் என்பவள் யாரோ ஒருவரின் மனைவியாகவே பட்டியலில் தங்கியிருப்பாள். 1957 தேர்தலுக்குள் நிலைமை வெகுவாக மாறியது.

படிக்கத் தெரியாதவர் எப்படி ஓட்டுப் போடுவது? ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்தார்கள். காங்கிரஸ் பெட்டியில் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை, ஜன சங்கத்துக்கு விளக்கு. சீட்டில் எதுவும் எழுத வேண்டாம், முத்திரை குத்த வேண்டாம். பிடித்த சின்னம் உள்ள பெட்டியில் போட்டால் போதும். இன்னொரு விநோதமும் உண்டு. இடங்கள் 489, தொகுதிகள் 401தான். 86 தொகுதிகளில் இரண்டு எம்.பி., ஒன்றில் மூன்று! தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான இடங்களை அப்போது இப்படித்தான் ஒதுக்கினார்கள். 1961இல்தான் இந்த முறை போனது.

முதல் ஓட்டு 1951 அக்டோபர் 25இல் இமாசலப் பிரதேசத்தின் சினி பகுதியில் விழுந்தது. பனி விழுந்தால் பாதை அடைத்துக்கொள்ளுமே, அதனால் அங்கே முன்கூட்டியே. மற்ற இடங்கள் முடிய 1952 பிப்ரவரி ஆனது. பெட்டிகளைத் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்தினார் சென். 1957இல் அவற்றையே மறுபடி எடுத்ததில் சுமார் 4.5 கோடி ரூபாய் மிச்சம்.

இடையில் 1953இல் சூடானின் முதல் தேர்தலையும் அவர்தான் நடத்திக் கொடுத்தார். 1957இல் அவர் நடத்திய தேர்தலில் வென்று எம்.பி. ஆனவர்களில் சொந்தத் தம்பி அசோக் குமார் சென்னும் ஒருவர். அவர் சட்ட அமைச்சரும் ஆனார்.

1958 டிசம்பரில் பதவியை விட்டார் சென். பிறகு பர்துவான் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். இவ்வளவு செய்தவர் சுயசரிதை எதுவும் எழுதவில்லை. அவரைத் தேடிப் போனால் கையில் கிடைப்பவை பெரும்பாலும் தேர்தல் ஆணையத்தின் தடித்த அறிக்கைகள்தான்.