கண்ணுக்குத் தெரியாத குதிரை நடையைப் படம் பிடித்தவர் யார்?

கோலா கங்சார் பக்கம் இருக்கிறவங்களுக்கு ஈப்போ குதிரைப் பந்தயத் திடல் தெரிஞ்சிருக்கும். ஓடுற குதிரை லேசா நொண்டினா உங்க கண்ணுக்குத் தெரியுமா? கால்நடை மருத்துவர்களே சில நேரம் ஆளுக்கொரு காலைச் சொல்வாங்க. கவனிக்காம விட்டா, அது வலியோடயே ஓடும்.

குதிரையின் ஓட்டத்தை முதலில் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டியவர் எட்வர்ட் மைபிரிட்ஜ். 1830-ல் இங்கிலாந்தின் கிங்ஸ்டனில் பிறந்து, கலிஃபோர்னியாவில் பெயர் வாங்கிய புகைப்படக்காரர். சாதுவான ஆள்னு நினைச்சிடாதீங்க! 1874-ல் மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்றார். அடுத்த ஆண்டு ஜூரி அவரை விடுவித்தது.

ஓடும்போது நான்கு குளம்பும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுமா? ரயில் அதிபர் லீலண்ட் ஸ்டான்ஃபோர்டுக்கு இது தெரியணும். 1878 ஜூனில் பாலோ ஆல்டோவில், மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக வைத்தார். குறுக்கே கட்டிய நூல்களைக் குதிரை அறுக்க அறுக்க, ஒவ்வொரு கேமராவாகப் படம் பிடித்தது.

எழத்தான் செய்கிறது. ஆனா நாலுகால் பாய்ச்சலில், ஓவியர்கள் வரைந்த மாதிரி கால்கள் விரிந்திருக்கும்போது இல்லை, வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும்போது!

1882-ல் ஸ்டான்ஃபோர்ட் வெளியிட வைத்த புத்தகத்தில் மைபிரிட்ஜுக்கு உரிய இடம் கிடைக்கல. வழக்குப் போட்டும் தோற்றார். 1887-ல் 781 படத்தட்டுகளோடு தன் சொந்தத் தொகுப்பை வெளியிட்டார். 1904-ல் பிறந்த ஊரிலேயே இறந்தார்.

இப்போ அதே வேலையைக் குதிரையின் தலையிலும் இடுப்பிலும் மாட்டும் சென்சார்கள் செய்யுது. முன்னங்காலில் வலின்னா, அந்தக் கால் ஊன்றும்போது தலை மேலே போகும். நல்ல கால் ஊன்றும்போது தாழும். அந்த ஏற்ற இறக்கத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளக்குறாங்க.