பெர்த்தா பென்சு

செருமனியின் பேடன் பகுதியில் உள்ள போர்ட்சைம் நகரில், 1849ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் பெர்த்தா பிறந்தார். தந்தை தச்சுத் தொழிலில் வளம் கண்டவர். இயந்திரங்களைப் பற்றி மகள் ஓயாது கேட்ட வினாக்களுக்கு அவர் சலிக்காமல் விடை சொன்னார். எனினும், அக்காலத்தில் உயர்கல்வியின் கதவுகள் பெண்களுக்குத் திறக்கப்படவில்லை.

கார்ல் பென்சு என்னும் பொறியாளரை மணக்க அவர் உறுதி பூண்டபோது, கார்லிடம் கனவு இருந்தது. கையில் பொருள் இல்லை. தொழிற்கூடத்தின் கூட்டாளியோ நம்பத் தகாதவராக இருந்தார். திருமணத்திற்கு முன்பே தம் சீதனத்தைப் பெற்ற பெர்த்தா, அதைக் கொண்டு அக்கூட்டாளியின் பங்கை விலக்கிவிட வழிசெய்தார். 1872இல் திருமணம் நடந்தது. பின்வந்த ஆண்டுகளைக் கடனும் வறுமையும் சூழ்ந்தன. 1879ஆம் ஆண்டின் கடைசி இரவில்தான், நெடுநாள் முரண்டுபிடித்த இயந்திரம் இடைவிடாது இயங்கத் தொடங்கியது. 1886 சனவரி 29இல் மூன்று சக்கர ஊர்திக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பம் அளிக்கப்பட்டது. சீதனம் பெர்த்தாவுடையது, காப்புரிமையிலோ அவர் பெயர் இடம்பெறவில்லை.

ஊர்தி பிறந்தது, வாங்குவார் இல்லை. குதிரையின்றி ஓடும் வண்டியை மக்கள் அச்சத்தோடும் ஏளனத்தோடும் பார்த்தனர். குறைகளைத் திருத்திக்கொண்டே இருந்த கார்ல், அதை நெடுந்தொலைவு ஓட்டிக்காட்டத் தயங்கினார். பெர்த்தா காத்திருக்கவில்லை. 1888 ஆகத்து மாதத்தில் ஒருநாள் விடியற்காலையில், கணவரிடம் சொல்லாமல், 15 வயது ஆய்கனையும் 13 வயது ரிச்சர்டையும் ஏற்றிக்கொண்டு, மன்கைமிலிருந்து தாய்வீடு இருந்த போர்ட்சைமுக்குப் புறப்பட்டார். தொலைவு நூறு கிலோமீட்டருக்கும் மேல். பாதையோ குதிரை வண்டிகளுக்கென அமைந்த மண்பாதை.

வழியில் எரிபொருள் தீர்ந்தது. அதை விற்கும் நிலையம் உலகில் எங்கும் இல்லாத காலம் அது. வீசுலோக் என்னும் சிற்றூரின் மருந்துக்கடையில், துணிக்கறை போக்க விற்கப்பட்ட லிக்ரோயின் என்னும் நீர்மத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தித் தூய்மை செய்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறைப் பட்டியைச் சுற்றினார். சங்கிலியைச் சீராக்கக் கொல்லர் ஒருவர் உதவினார். தேய்ந்த மரத்தடைக் கட்டைகளின்மேல் காலணி தைப்பவரைக்கொண்டு தோல் பொருத்தச் செய்தார். இன்று ஊர்திகளில் உள்ள தடைப்பட்டைகளின் தொடக்கம் இதுவே. மேடுகளில் வண்டி திணறியது. மைந்தர்கள் இறங்கித் தள்ளினர். குளிர்விக்கும் நீர் ஆவியாகிக்கொண்டே இருந்ததால், கண்ட இடமெல்லாம் நீர் ஊற்ற வேண்டியிருந்தது.

பொழுது சாய்ந்தபின் போர்ட்சைமை அடைந்து, கணவருக்குத் தந்தி அனுப்பினார். சில நாள்கள் கழித்து அதே வண்டியில் திரும்பினார். மேடேறுவதற்கெனத் தனிப் பற்சக்கர அமைப்பு வேண்டும் என்ற அவரது கருத்தைக் கார்ல் ஏற்றார். அவ்வாண்டே மியூனிக் கண்காட்சியில் ஊர்தி பொற்பதக்கம் பெற்றது. நூற்றாண்டு முடியும் தறுவாயில் பென்சு நிறுவனம் உலகின் மிகப்பெரிய மகிழுந்து நிறுவனமாக வளர்ந்திருந்தது. காப்புரிமை பெற்ற முதல் ஊர்தி சீரமைக்கப்பட்டு, மியூனிக்கின் செருமானிய அருங்காட்சியகத்தில் பேணப்படுகிறது.

கார்ல் 1929இல் மறைந்தார். 1944 மே 3, பெர்த்தாவின் 95ஆவது பிறந்தநாள். பெண் என்பதால் இளமையில் அவருக்கு எட்டாதிருந்த கல்வியுலகிலிருந்து, கார்ல்சுரூகே தொழில்நுட்பக் கல்விக்கூடத்தின் மதிப்புறு செனட்டர் என்னும் சிறப்பு அன்று அவரை வந்தடைந்தது. இரண்டு நாள்கள் கழித்து, லாடன்பர்க் இல்லத்தில் அவர் காலமானார்.