நபீல்ட் பிரபுவும் ஒட்டாத இணைப்பும்

கொழும்பு வீதிகளில் ஒரு காலத்தில் வாடகைக்கு ஓடிய மொறிஸ் மைனர் கார்களை எமது மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்பெயருக்குரிய வில்லியம் மொறிஸ் 1877இல் இங்கிலாந்தின் வூஸ்டரில் பிறந்தவர். 15 வயதில் பாடசாலையை விட்ட அவர், வெறும் 4 பவுண் முதலுடன் ஒக்ஸ்போர்ட்டில் துவிச்சக்கர வண்டித் திருத்தகம் ஒன்றை ஆரம்பித்தார். 1913இல் அவரது முதலாவது கார் வெளிவந்தது.

இயந்திரம், உடற்பகுதி முதலானவற்றை வெளியாரிடம் வாங்கிப் பொருத்துவதே அவரது முறையாக இருந்தது. 1921இல் வர்த்தகம் மந்தமடைந்தபோது ஏனையோர் தயங்கி நிற்க, மொறிஸ் தமது கார்களின் விலையைத் துணிந்து குறைத்தார். ஒரு வகைக்கு 100 பவுண் வரை குறைந்தது. விற்பனை பெருகவே, உதிரிப்பாகங்களை வழங்கியவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. எனவே அவர்களையே விலைக்கு வாங்கினார். இயந்திரம் வழங்கிய ஹொட்ச்கிஸ் கம்பனியின் கொவென்றி ஆலை 1923இல் அவர் வசமாயிற்று. 1927இல் வங்குரோத்தடைந்த வூல்ஸ்லி கம்பனியை 730,000 பவுணுக்கு வாங்கியபோது, அவருடன் போட்டியிட்டுத் தோற்றவர்களில் ஹேபேட் ஒஸ்டினும் ஒருவர். தாம் முன்னர் முகாமை செய்த கம்பனி போட்டியாளரின் கைக்குப் போனது ஒஸ்டினுக்குக் கசந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

மொறிஸ் 1934இல் நபீல்ட் பிரபுவானார். அவரது கவுளி தொழிற்சாலையைச் சீரமைத்த லெனாட் லோட், ஊதியம் தொடர்பான பிணக்கினால் 1936இல் விலகி, 1938இல் ஒஸ்டின் கம்பனியில் சேர்ந்தார். 1952இல் இரு கம்பனிகளும் பிரித்தானிய மோட்டார் கூட்டுத்தாபனமாக இணைந்தபோது நபீல்ட் தலைவரானார். ஆயினும் அதிகாரம் லோட்டிடமே இருந்தது. ஆண்டு முடிவதற்குள் நபீல்ட் ஒதுங்கிக்கொண்டார். ஊழியராக இருந்தவரிடமே தமது கம்பனியை விட்டுச்செல்ல நேர்ந்தது.

எமது பார்வையில் அது ஏட்டளவிலான இணைப்பே. இரு தரப்பு விற்பனை முகவர்களும் தொடர்ந்து போட்டியிட்டனர். 1959இல் வந்த மினி காரும் ஒஸ்டின், மொறிஸ் என இரு பெயர்களில் விற்கப்பட்டது. நபீல்ட் ஆரம்பத்தில் வாங்கிய ஆலைகள் தமது உற்பத்தியின் குறையை நிரப்பியவை. பின்னர் 1966இல் ஜகுவாருடனும் 1968இல் லேலண்டுடனும் செய்யப்பட்ட இணைப்புகளோ பலவீனத்தைப் பருமனால் மறைக்க முயன்றவை. 1975இல் அரசு பொறுப்பேற்க நேர்ந்தது. 2005இல் எஞ்சியிருந்த ரோவர் கம்பனி வீழ்ந்தபோது வேலையிழந்த தொழிலாளர்கள் சுமார் 6,000 பேர்.

இவற்றைக் காண நபீல்ட் உயிருடன் இருக்கவில்லை, 1963இல் காலமானார். பிள்ளைகள் இல்லாத அவர் செல்வத்தின் பெரும்பகுதியை வாழும்போதே வழங்கிவிட்டார். ஒக்ஸ்போர்ட்டில் ஒரு கல்லூரி, 1943இல் 10 மில்லியன் பவுண் பெறுமதியான அறக்கட்டளை, சுவாசிக்க இயலாத நோயாளருக்காகக் கவுளியில் செய்து பல நாட்டு வைத்தியசாலைகளுக்கு இலவசமாக அனுப்பிய செயற்கைச் சுவாச இயந்திரங்கள் என அக்கொடை விரிந்தது. கல்லூரியும் அறக்கட்டளையும் அவர் பெயருடனேயே இன்றும் இயங்குகின்றன. மொறிஸ் என்ற பெயரோ 1984இல் கார்களிலிருந்து மறைந்தது. கவுளியில் இப்போது மினி கார்களைத் தயாரிப்பது ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ கம்பனியாகும்.