4 முறை ஜெயித்தும் உள்ளே விடாத நாடாளுமன்றம்... யார் இந்த சார்லஸ் பிராட்லா?

பதவியேற்பு விழாவில் சிலர் 'கடவுளறிய' என்பார்கள், சிலர் 'உளமார' என்பார்கள். நமக்கு இது பழகிப்போன காட்சி. ஆனால் இதே பிரச்னைக்காக, மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒருவரை பிரிட்டன் நாடாளுமன்றம் கிட்டத்தட்ட 6 ஆண்டுகள் அலையவிட்டது. அவர்தான் சார்லஸ் பிராட்லா.

1833-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா. மதத்தைப் பற்றி சந்தேகம் கேட்டதால் இளம் வயதிலேயே வீட்டை விட்டு வெளியேற வேண்டிய நிலை. கொஞ்ச காலம் ராணுவம், அப்புறம் அப்பா பார்த்த அதே குமாஸ்தா வேலை. 1866-ல் தேசிய மதச்சார்பற்ற சங்கத்தைத் தொடங்கினார். நம்ம அடையாறில் பின்னாளில் வாழ்ந்த அன்னி பெசன்ட், அப்போது இவருடைய தோழர். கருத்தடை பற்றிய நூலை வெளியிட்டதற்காக 1877-ல் இருவர் மீதும் வழக்கு நடந்தது.

சரி, நாடாளுமன்றத்தில் என்னதான் நடந்துச்சு?

1880-ல் நார்தாம்ப்டன் தொகுதியில் ஜெயித்தார். நாத்திகர் என்பதால், கடவுள் பெயர் இல்லாமல் உறுதிமொழி எடுக்க அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. சரி, மற்றவர்கள் எடுக்கிற அதே சத்தியப் பிரமாணத்தையே எடுக்கிறேன் என்று இறங்கி வந்தார். நம்பிக்கை இல்லாதவர் செய்தால் அது சத்தியமே ஆகாது என்று அதற்கும் தடை! அப்போ மனுஷன் என்னதான் பண்ணுவார்?

அவையை விட்டு வெளியேற மறுத்தவரைப் பிடித்து, பிக் பென் மணிக்கூண்டில் ஒரு ராத்திரி அடைத்து வைத்தார்கள். நடுவில் சில மாதங்கள் உறுதிமொழி கூறி அவையில் உட்கார்ந்தார். அது செல்லாது என்று கோர்ட் சொன்னதும் எம்.பி. பதவி போனது. இடைத்தேர்தலில் நின்று திரும்ப ஜெயித்தார். 1881 ஆகஸ்டில் அவைக்குள் நுழைய முயன்றபோது போலீசாரும் காவலர்களும் சேர்ந்து வெளியே தள்ள, கோட்டு கிழிந்தது. 1882-ல் தனக்குத் தானே பிரமாணம் செய்துகொண்டார். மறுபடி நீக்கம், மறுபடி இடைத்தேர்தல், மறுபடி வெற்றி. நார்தாம்ப்டன் வாக்காளர்களின் பிடிவாதத்தைத்தான் முதலில் பாராட்டணும்.

பிரதமர் கிளாட்ஸ்டன் 1883-ல் கொண்டு வந்த மசோதாவும் வெறும் 3 ஓட்டில் தோற்றது.

1886 ஜனவரியில் புதிய சபாநாயகர் ஆர்தர் பீல், யாருடைய எதிர்ப்பையும் கேட்காமல் பிராட்லாவைப் பிரமாணம் எடுக்க விட்டார். விவகாரம் அவ்வளவுதான், ஒரே நாளில் முடிந்தது! 1888-ல் பிராட்லா முயற்சியால் வந்த சட்டம், விரும்புகிறவர்கள் கடவுள் பெயர் இல்லாமலே உறுதிமொழி எடுக்க வழி செய்தது.

இந்தியாவுக்காக அதிகம் பேசியதால் இவரை 'இந்தியாவின் எம்.பி.' என்றே அழைத்தார்கள். 1889-ல் பம்பாய் காங்கிரஸ் மாநாட்டுக்கும் வந்தார்.

1891 ஜனவரி 27. பிராட்லாவைத் தடுத்த பழைய தீர்மானத்தை அவைக் குறிப்பிலிருந்து நீக்க நாடாளுமன்றம் முடிவெடுத்தது. அப்போது அவர் மரணப் படுக்கையில் இருந்தார். செய்தி அவருக்குத் தெரியவே இல்லை. 3 நாளில் இறந்துபோனார். இறுதிச் சடங்குக்கு வந்தவர்களில், லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த 21 வயது மோகன்தாஸ் காந்தியும் ஒருவர்.