ஆசிரியர் பெயரை அகிலம் அறியச் செய்த நடிகர்

தம் குடும்பப் பெயரை விடுத்து, தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரையே தம் பெயராக ஏற்று, அப்பெயரை உலகெங்கும் ஒலிக்கச் செய்த நடிகர் ஒருவர் இருந்தார். அவரே வேல்ஸ் நாடு ஈன்றெடுத்த கலைஞர் ரிச்சர்ட் பர்ட்டன்.

பிறப்பும் வளர்ப்பும்

பிரித்தானியத் தீவின் மேற்குப் பகுதியில் மலைகள் சூழ அமைந்திருப்பது வேல்ஸ் நாடு. அங்குள்ள பொன்ட்ரிடவென் என்னும் சிற்றூரில் 1925ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 10ஆம் நாள் அவர் பிறந்தார். அவருடைய இயற்பெயர் ரிச்சர்ட் வால்ட்டர் ஜென்கின்ஸ் என்பதாகும். தந்தையார் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. பிள்ளைகள் பதின்மூவருள் ரிச்சர்ட் பன்னிரண்டாமவர்.

இரண்டு வயது நிறைவதற்குள் அவர் அன்னையை இழந்தார். மணமாகிப் போர்ட் டால்பட் நகரை அடுத்த தைபாக்கில் வாழ்ந்து வந்த அக்காள் சிசிலியா, தம்பியைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று தாயாக இருந்து வளர்த்தார். ரிச்சர்ட் மழலை பேசியது வெல்ஷ் மொழியில்தான். ஆங்கிலத்தைப் பின்னரே கற்றார். ஆயினும் அம்மொழியின் இலக்கியத்தின்பால் அவருக்குப் பெருங்காதல் ஏற்பட்டது. அவருடைய குடும்பத்தில் இடைநிலைப் பள்ளியில் காலடி எடுத்து வைத்த முதற்பிள்ளை அவரே.

ஆனால் வறுமை குறுக்கிட்டது. 1941ஆம் ஆண்டில் அவர் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டுக் கூட்டுறவுக் கடையொன்றில் பணிக்குச் சேர்ந்தார். அறிவாற்றல் மிக்க அச்சிறுவனின் எதிர்காலம் கடையிலேயே முடங்கிவிடுமோ என்னும் நிலை உருவாயிற்று. அந்நிலையில் நல்லோர் சிலர் முயன்று அவரை மீண்டும் பள்ளியில் சேர்த்தனர்.

ஆசிரியரின் அரவணைப்பு

அப்பள்ளியில் ஆங்கில இலக்கியமும் நாடகமும் கற்பித்து வந்தவர் பிலிப் பர்ட்டன் என்பார். மாணவனிடம் மறைந்து கிடந்த ஆற்றலை அவர் கண்டுகொண்டார். மலைப்பகுதிக்கு அழைத்துச் சென்று ஷேக்ஸ்பியரின் நாடக வரிகளைச் சொல்லச் செய்வார். தாம் சிறிது சிறிதாக விலகி நின்று செவிமடுப்பார். கத்தக் கூடாது, ஆயினும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகத் தம்மை வந்தடைய வேண்டும் என்பது ஆசிரியர் விதித்த கட்டளை. பின்னாளில் பல்லாயிரம் பேரைக் கட்டிப்போட்ட குரல் இத்தகைய கடும் பயிற்சியில் உருவானதேயாகும்.

மாணவனைத் தம் மகனாகச் சுவீகாரம் எடுத்துக்கொள்ளவும் ஆசிரியர் விரும்பினார். ஆனால் இருவருக்குமிடையே 21 வயது வேறுபாடு இருத்தல் வேண்டும் என்றது சட்டம். அதற்கு 20 நாள் குறைந்தது! எனவே 1943ஆம் ஆண்டில் அவர் சட்டப்படி பாதுகாவலர் ஆனார். ரிச்சர்ட் ஜென்கின்ஸ் அன்று முதல் ரிச்சர்ட் பர்ட்டன் ஆனார்.

மேடையிலும் திரையிலும்

வேல்ஸ் நாட்டு நாடக ஆசிரியர் எம்லின் வில்லியம்ஸ் எழுதிய நாடகத்தில் நடித்து, அதே ஆண்டில் அவர் மேடை வாழ்வைத் தொடங்கினார். 1944இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆறு மாதம் பயின்றார். பின்னர் 1947 வரை விமானப் படையில் பணியாற்றினார்.

1951இல் ஷேக்ஸ்பியர் பிறந்த ஊராகிய ஸ்ட்ராட்ஃபோர்டில் இளவரசர் ஹால் வேடமேற்றுப் பெரும் புகழ் பெற்றார். 1953இல் இலண்டன் ஓல்டு விக் அரங்கில் ஹாம்லெட்டாகத் தோன்றினார். அந்நாடகத்தைக் காண வந்த பிரதமர் சர்ச்சில், முன்வரிசையில் அமர்ந்து வசனங்களைத் தாமும் உடன் முணுமுணுத்ததைப் பர்ட்டன் பிற்காலத்தில் பலரிடமும் கூறி மகிழ்ந்ததுண்டு. 1964இல் நியூயார்க் நகரில் அதே வேடத்தில் 137 காட்சிகள் நடித்துச் சாதனை படைத்தார்.

1954இல் பிபிசி வானொலி, வேல்ஸ் கவிஞர் டிலன் தாமஸின் நாடகத்தை ஒலிபரப்பியது. சில திங்களுக்கு முன்னரே கவிஞர் மறைந்துவிட்டிருந்தார். நண்பரின் படைப்புக்குப் பர்ட்டன் குரல் கொடுத்தார். ஒரு சிற்றூரின் ஓரிரவையும் ஒரு பகலையும் அக்குரல் நேயர்களின் மனக்கண்முன் கொண்டுவந்து நிறுத்திற்று.

திரையுலகில் ‘தி ரோப்’, ‘கிளியோபாட்ரா’, ‘பெக்கெட்’ முதலிய படங்கள் அவர் புகழைப் பரப்பின. ஏழு முறை ஆஸ்கார் விருதுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. எனினும் ஒரு முறையேனும் அவ்விருது அவருக்குக் கிட்டவில்லை. 1970இல் பிரித்தானிய அரசு சி.பி.இ. விருது அளித்து அவரைச் சிறப்பித்தது.

குறையும் நிறைவும்

புகழும் செல்வமும் குவிந்த பர்ட்டனின் வாழ்வில் ஒரு பெருங்குறையும் இருந்தது. மதுப் பழக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. அது அவர் உடல்நலத்தைக் கெடுத்தது, ஆற்றலையும் வீணாக்கியது. 1984ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5ஆம் நாள், மூளையில் ஏற்பட்ட குருதிக் கசிவினால் சுவிட்சர்லாந்தில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 58. ஒப்பற்ற குரல் ஒன்று உரிய காலத்திற்கு முன்பே ஓய்ந்துவிட்டது.

அயல்நாடுகளில் வாழ்ந்தபோதும் அவர் தாய்மொழியை மறந்தாரல்லர். உடன்பிறந்தாரோடு வெல்ஷ் மொழியிலேயே அளவளாவினார். வேல்ஸ் நாட்டுக்குரிய செந்நிற ஆடை உடுத்தி, டிலன் தாமஸின் கவிதை நூலொன்றை உடன் வைத்து, செலின்யி என்னும் ஊரில் அவரை அடக்கம் செய்தனர். அவர் எழுதிய நாட்குறிப்புகளை வேல்ஸிலுள்ள சுவான்சி பல்கலைக்கழகம் பேணிக் காத்து வருகின்றது.

மாணவ மணிகளே! கடையில் நின்ற ஏழைச் சிறுவனைக் கலையுலகின் உச்சிக்கு உயர்த்தியவை ஆசிரியரின் அன்பும் இடைவிடாத பயிற்சியுமேயாம். அவ்வுயரத்திலிருந்து அவரைச் சரித்தது தீய பழக்கம். முன்னதைப் பின்பற்றுவோம்; பின்னதை அறவே விலக்குவோம். நம் ஆசிரியர்களின் பெயர் விளங்க வாழ்வோமாக!