சொத்தே வேண்டாம் எனப் போப்களிடம் 40 ஆண்டுகள் போராடிய பெண்: டிவியின் பாதுகாவலர் புனித கிளாராவின் கதை

டிவிக்கும் ஒரு பாதுகாவலர் புனிதர் உண்டு என்றால் நம்புவீங்களா?

ஒவ்வொரு ஊருக்கும், ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு புனிதரைப் பாதுகாவலராக வைப்பது கத்தோலிக்கத் திருச்சபையின் வழக்கம். அந்த வரிசையில் 1958-ம் ஆண்டு போப் 12-ம் பயஸ், தொலைக்காட்சிக்கும் ஒருவரை அறிவித்தார். அவர்தான் இத்தாலியின் அசிசி நகரைச் சேர்ந்த புனித கிளாரா. 1253-லேயே இறந்துபோனவர்!

ஆனால் கிளாராவின் வாழ்க்கையில் டிவி ஒரு சின்னத் துணுக்குதான். உண்மையான கதை வேறு. சொத்தில் பங்கு கேட்டு கோர்ட் படி ஏறுபவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். சொத்து வேண்டாம் என்பதையே ஓர் உரிமையாக எழுதி வாங்க, வாழ்நாள் முழுக்கப் போராடியவர் இவர். அந்தப் போராட்டம்தான் ஒரு துறவற சபையின் முகத்தையே தீர்மானித்தது. என்ன நடந்தது? பார்க்கலாம்.

யார் இந்த கிளாரா?

மத்திய இத்தாலியில் உம்ப்ரியா பகுதியில் இருக்கும் மலை நகரம் அசிசி. அங்கே சுமார் 1194-ல் பிறந்தார் கிளாரா. அப்பா ஃபவரோனே, குதிரை வீரர்களைக் கொண்ட பிரபுக் குடும்பம். அம்மா ஓர்த்தோலானா, அந்தக் காலத்திலேயே ஜெருசலேம் வரை புனிதப் பயணம் போய் வந்தவர். ஊரின் பெரிய கோயிலான சான் ருஃபினோ ஆலயத்தின் பக்கத்திலேயே அவர்கள் வீடு. வசதிக்குக் குறைவில்லை. நல்ல இடத்தில் கல்யாணம் செய்து கொடுக்க வேண்டும் என்பதுதான் குடும்பத்தின் திட்டம்.

அதே ஊரில் இன்னொருவர் இருந்தார். துணி வியாபாரியின் மகன் பிரான்சிஸ். அப்பாவின் பணத்தை உதறிவிட்டு, பிச்சையெடுத்துச் சாப்பிட்டு, ஏழைகளோடும் தொழுநோயாளிகளோடும் வாழ்ந்தவர். உலகம் இன்று அசிசி புனித பிரான்சிஸ் என்று கொண்டாடுபவர் இவர்தான். 2025-ல் காலமான போப் பிரான்சிஸ் தனக்குப் பெயர் தேர்ந்தெடுத்தது இவரை நினைத்துத்தான்.

பிரான்சிஸின் பேச்சைக் கேட்ட கிளாரா, தனக்கும் இந்த வாழ்க்கைதான் என்று முடிவெடுத்தார்.

நள்ளிரவில் கிளம்பிய 18 வயதுப் பெண்

1212-ம் ஆண்டு குருத்தோலை ஞாயிறு. பகலில் நல்ல உடை உடுத்தி, குடும்பத்தோடு கோயிலுக்குப் போனார் கிளாரா. அன்று இரவே வீட்டை விட்டு ரகசியமாக வெளியேறினார். ஊருக்குக் கீழே சமவெளியில் இருந்த போர்சியுங்குலா என்ற சின்ன ஆலயத்தில் பிரான்சிஸும் அவரது சகோதரர்களும் காத்திருந்தார்கள். அங்கே பிரான்சிஸ் அவரது கூந்தலை வெட்டினார். பட்டு போய், முரட்டுத் துணி வந்தது.

வீட்டில் சும்மா இருப்பார்களா? அவர் தங்க வைக்கப்பட்டிருந்த கன்னியர் மடத்துக்கே உறவினர்கள் ஆள்படையோடு வந்தார்கள். கிளாரா பீடத்துணியை இறுகப் பிடித்துக்கொண்டு, முடி வெட்டிய தலையைத் திறந்து காட்டினார். இனி திரும்பி வரமாட்டேன் என்பதற்கு அதைவிட வேறு பதில் தேவைப்படவில்லை. சில நாட்களிலேயே தங்கையும் வீட்டை விட்டு வந்து அக்காவோடு சேர்ந்துகொண்டார். அவர்தான் பின்னாளில் ஆக்னஸ் என்று அழைக்கப்பட்டவர். அம்மா ஓர்த்தோலானாவும் பிற்காலத்தில் அதே மடத்தில் சேர்ந்தார்!

கிளாரா தன் பங்குச் சொத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுத்தார். உறவினர்கள் கூடுதல் விலை தருவதாகச் சொன்னபோதும் அவர்களுக்கு விற்கவில்லை என்று பின்னாளில் சக சகோதரிகள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

பிரான்சிஸ் தன் கையால் பழுதுபார்த்த சான் தமியானோ என்ற சிறிய ஆலயம்தான் கிளாராவின் இருப்பிடம் ஆனது. அடுத்த 40 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேதான் வாழ்ந்தார்.

சொத்து இல்லாத மடம்: அப்படி என்ன சிக்கல்?

இதைப் புரிந்துகொள்ள, அந்தக் கால மடங்கள் எப்படி இயங்கின என்று தெரிய வேண்டும். துறவு பூணும் ஒருவர் தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் மடத்துக்குச் சொத்து இருக்கலாம். நிலம், திராட்சைத் தோட்டம், குத்தகை வருமானம் எல்லாம் இருந்தன. வசதியான வீட்டுப் பெண்கள் சீதனத்தோடு வந்து சேர்வார்கள். வெளியே இருந்த பணக்காரர், ஏழை என்ற வேறுபாடு மடத்துக்குள்ளும் தொடரும்.

கிளாரா இதைத்தான் உடைக்க நினைத்தார். தனி ஆள் மட்டுமல்ல, மடமே ஏழையாக இருக்க வேண்டும். நிலம் கூடாது, நிலையான வருமானம் கூடாது, சீதனம் கூடாது. சேர வருபவர் தன் சொத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வரட்டும். மடத்துக்குக் கொண்டுவர வேண்டாம். கை வேலையும், மக்கள் தரும் தானமும் போதும்.

திருச்சபைத் தலைமைக்கு இது கவலையாக இருந்தது. ஆண் துறவிகள் ஊர் ஊராகப் போய்ப் பிச்சை எடுக்கலாம். அடைபட்ட மடத்தில் வாழும் பெண்கள் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள்? நியாயமான கேள்விதான். போதாக்குறைக்கு, 1215-ல் நடந்த 4-ம் லாத்தரன் பொதுச்சங்கம், புதிதாகத் தொடங்கும் துறவிகள் ஏற்கெனவே இருக்கும் விதி ஒன்றையே ஏற்க வேண்டும் என்று முடிவெடுத்தது. 1219-ல் கர்தினால் உகோலினோ பெண்கள் மடங்களுக்கு ஒரு விதித்தொகுப்பைக் கொடுத்தார். பழைய பெனடிக்ட் சபை விதியை அடிப்படையாகக் கொண்ட அதில் கடுமையான அடைப்பு வாழ்க்கை இருந்தது. கிளாரா கேட்ட ஏழ்மை மட்டும் இல்லை.

போப்பே நேரில் வந்து கேட்டும் 'நோ'

அந்த உகோலினோதான் 1227-ல் போப் 9-ம் கிரகோரி ஆனார். பிரான்சிஸ் அதற்கு முந்தைய ஆண்டே, 1226 அக்டோபர் 3-ல் இறந்திருந்தார். 1228-ல் பிரான்சிஸுக்குப் புனிதர் பட்டம் கொடுக்க அசிசிக்கு வந்த போப், கிளாராவைச் சந்தித்தார். மடத்துக்குக் கொஞ்சம் சொத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். கொடுத்த வாக்குதான் தடை என்றால், அதிலிருந்து தானே விடுவிப்பதாகவும் சொன்னார்.

கிளாரா மசியவில்லை. தன் பாவங்களிலிருந்து விடுதலை வேண்டும், இயேசுவைப் பின்பற்றுவதிலிருந்து விடுதலை வேண்டாம் என்பதே அவர் பதிலின் சாரம். அதே ஆண்டு செப்டம்பரில் போப் இறங்கிவந்து ஓர் ஆவணம் கொடுத்தார். சொத்து ஏற்கும்படி இவர்களை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதுதான் அதன் உள்ளடக்கம். 'ஏழ்மைச் சலுகை' என்று வரலாற்றில் இதற்குப் பெயர். பொதுவாகச் சலுகை என்றால் ஏதாவது கிடைக்கும். எதுவும் கிடைக்காமல் இருப்பதற்கே சலுகை வாங்கியவர் கிளாரா!

13-ம் நூற்றாண்டில் ஓர் உண்ணாவிரதம்

1230-ல் அடுத்த சிக்கல். அனுமதி இல்லாமல் பிரான்சிஸ்கன் துறவிகள் பெண்கள் மடங்களுக்குப் போகக் கூடாது என்று போப் உத்தரவிட்டார். பிரசங்கம் செய்ய வருபவர்களுக்குத் தடை. ஆனால் மடத்துக்காகப் பிச்சை எடுத்து உணவு கொண்டுவரும் சகோதரர்களுக்குத் தடை இல்லை.

கிளாரா என்ன செய்தார் தெரியுமா? உணவு கொண்டுவந்த சகோதரர்களையும் திருப்பி அனுப்பிவிட்டார். ஆன்மாவுக்கு உணவு கொடுப்பவர்கள் வரக் கூடாது என்றால், வயிற்றுக்கு உணவு கொடுப்பவர்களும் வேண்டாம் என்பது அவர் வாதம். செய்தி ரோமுக்குப் போனது. போப் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்.

இளவரசிக்கு எழுதிய கடிதங்கள்

கிளாராவின் தாக்கம் அசிசியோடு நிற்கவில்லை. இன்றைய செக் குடியரசில் இருக்கும் பிராகா நகரில், பொஹீமிய அரசர் முதலாம் ஒட்டோகரின் மகள் ஆக்னஸ், பேரரசர் 2-ம் பிரெடரிக்கோடு பேசிய திருமணத்தையே உதறிவிட்டு 1234-ல் கிளாராவின் வழியில் துறவியானார். இருவரும் நேரில் சந்திக்கவே இல்லை. ஆனால் கிளாரா எழுதிய 4 கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. ஏழ்மையை விட்டுவிடச் சொல்லி யார் அழுத்தம் கொடுத்தாலும் விடாதே என்பதுதான் அவற்றில் திரும்பத் திரும்ப வரும் அறிவுரை. 1238-ல் ஆக்னஸின் மடமும் சொத்து வேண்டாம் என்ற உரிமையைப் பெற்றது.

தன் சபைக்குத் தானே எழுதிய சட்டம்

சலுகை என்பது ஒரு மடத்துக்குக் கிடைத்த ஆவணம் மட்டுமே. அடுத்த போப் மாற்றிவிடலாம். 1247-ல் அதுதான் நடந்தது. போப் 4-ம் இன்னசென்ட், இந்தப் பெண்கள் மடங்களுக்குப் புதிய விதித்தொகுப்பு வெளியிட்டார். அதில் சொத்து வைத்துக்கொள்ள அனுமதி இருந்தது.

அப்போது கிளாராவுக்கு 50 வயது கடந்துவிட்டது. 1224 முதலே நோயாளி. படுக்கையில் உட்கார்ந்தபடி நூல் நூற்று, ஆலயங்களுக்குப் பீடத்துணி செய்து அனுப்பிக்கொண்டிருந்தவர், இப்போது பேனாவைக் கையில் எடுத்தார். மற்றவர்கள் எழுதிய விதி ஒத்துவராவிட்டால், நாமே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தார். பெண் துறவிகளுக்காக ஒரு பெண்ணே எழுதி, போப்பின் ஒப்புதல் பெற்ற முதல் சபை விதி என்று வரலாற்றில் அறியப்படுவது இதுதான்.

அதில் என்ன இருந்தது?

நடுநாயகமாக ஏழ்மை. மடத்தைச் சுற்றித் தேவையான சிறு இடமும் காய்கறித் தோட்டமும் தவிர நிலம் கூடாது. மடத்தலைவியை எல்லாச் சகோதரிகளும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் சரிப்பட்டுவராவிட்டால் வேறொருவரைத் தேர்ந்தெடுக்கலாம். வாரம் ஒரு முறையாவது எல்லோரும் கூடிப் பேச வேண்டும். கடைசியாகச் சேர்ந்தவரின் கருத்தையும் கேட்க வேண்டும். எல்லோரின் சம்மதம் இல்லாமல் பெரிய கடன் வாங்கக் கூடாது. நோயுற்றவர்களுக்கு விரதத்தில் தளர்வு, மெத்தை, நல்ல உணவு உண்டு. தலைவி, சகோதரிகளுக்குப் பணிவிடை செய்பவராக இருக்க வேண்டும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. வெளிவேலை முடித்து வரும் சகோதரிகளின் கால்களைக் கிளாராவே கழுவுவார், குளிர் இரவுகளில் எழுந்து தூங்குபவர்களுக்குப் போர்த்திவிடுவார் என்று உடன் வாழ்ந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கையெழுத்துக்குக் காத்திருந்த கடைசி நாட்கள்

1252 செப்டம்பரில் கர்தினால் ரைனால்டோ இந்த விதிக்கு ஒப்புதல் கொடுத்தார். கிளாராவுக்கு அது போதவில்லை. போப்பின் முத்திரை வேண்டும். 1253 கோடையில் அசிசியில் தங்கியிருந்த போப் 4-ம் இன்னசென்ட், மரணப்படுக்கையில் இருந்த கிளாராவை வந்து பார்த்தார்.

ஆகஸ்ட் 9-ம் தேதி போப்பின் ஒப்புதல் வந்தது. ஆகஸ்ட் 11-ம் தேதி கிளாரா இறந்தார். இடையில் இருந்தது வெறும் 2 நாட்கள்.

காலப்போக்கில் அந்த மூல ஆவணம் எங்கே போனது என்றே தெரியாமல் இருந்தது. 1893-ல்தான் கிடைத்தது. எங்கே தெரியுமா? அசிசி மடத்தில் நினைவுப்பொருளாகப் பாதுகாத்துவந்த கிளாராவின் ஆடைக்குள்!

இறந்த பிறகு என்ன ஆனது?

இரண்டே ஆண்டுகளில், 1255-ல் கிளாராவுக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. கொடுத்தவர் போப் 4-ம் அலெக்சாண்டர். யார் அவர்? கிளாராவின் விதிக்கு முதலில் ஒப்புதல் கொடுத்த அதே ரைனால்டோ.

ஆனால் கதை சுபமாக முடியவில்லை. 1263-ல் போப் 4-ம் அர்பன் எல்லா மடங்களையும் ஒரே சபையாக இணைத்து, அதற்குக் கிளாராவின் பெயரையே வைத்தார். கூடவே சொத்து வைத்துக்கொள்ள அனுமதிக்கும் புது விதியையும் கொடுத்தார். பெரும்பாலான மடங்கள் அதைத்தான் ஏற்றன. பெயர் கிளாராவுடையது, விதி வேறு ஒருவருடையது!

சுமார் 150 ஆண்டுகளுக்குப் பிறகு பிரான்ஸைச் சேர்ந்த கொலெட் என்ற பெண் துறவி (1381-1447), கிளாரா எழுதிய மூல விதியைத் தூசி தட்டி எடுத்து, பல மடங்களை அந்த வழிக்குத் திருப்பினார். 16-ம் நூற்றாண்டில் நேப்பிள்ஸில் தொடங்கிய கப்புச்சின் கிளாரா சகோதரிகளும் அந்த விதியையே எடுத்துக்கொண்டார்கள். எழுதி வைத்திருந்ததால்தானே திரும்பிப் போக ஓர் இடம் இருந்தது? அந்த 2 நாட்களின் அருமை இங்கேதான் புரிகிறது.

'ஏழை கிளாரா சகோதரிகள்' மடங்கள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. நம் பக்கத்து மாநிலமான கேரளாவில், 2008-ல் புனிதர் பட்டம் பெற்ற பரணங்கானம் அல்போன்சா சேர்ந்திருந்த பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையின் பெயரிலும் இருப்பது இந்தக் கிளாராதான். உங்கள் கையில் இருக்கும் மொபைலுக்கும், கம்ப்யூட்டருக்கும் பேர்போன அமெரிக்காவின் சிலிகான் வேலியில் உள்ள சாண்டா கிளாரா நகரமும் இவர் பெயர்தான்.

சரி, டிவிக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு கிறிஸ்துமஸ் இரவு, எழுந்திருக்க முடியாமல் கிளாரா மடத்தில் தனியாகப் படுத்திருந்தார். தூரத்தில் பிரான்சிஸ் ஆலயத்தில் நடந்த வழிபாட்டை, இருந்த இடத்திலேயே கண்டதாகவும் கேட்டதாகவும் சகோதரிகளிடம் சொன்னார் என்பது மரபு. தொலைவில் நடப்பதை இருந்த இடத்தில் பார்ப்பதுதானே தொலைக்காட்சி? அதனால்தான் 12-ம் பயஸ் இவரைத் தேர்ந்தெடுத்தார். ஏழை கிளாரா சகோதரிகளில் ஒருவரான மதர் ஏஞ்சலிகா, 1981-ல் அமெரிக்காவின் அலபாமாவில் ஒரு டிவி நெட்வொர்க்கையே தொடங்கியது தனிக்கதை.

பிரான்சிஸின் பெயர் தெரிந்த அளவுக்கு கிளாராவின் பெயர் பலருக்குத் தெரியாது. ஆனால் பிரான்சிஸ் காட்டிய ஏழ்மை வழியைப் பெண்களுக்கும் சட்டமாக்கி, அவர் இறந்த பிறகும் 27 ஆண்டுகள் விட்டுக்கொடுக்காமல் காத்தவர் கிளாரா. சான் தமியானோவில் அவர் படுத்திருந்த அந்த எளிய அறை, இன்றும் அசிசிக்குப் போகிறவர்கள் பார்க்கும் இடங்களில் ஒன்று.